நின்றுபோன கை

“கை என்னைக் கவுத்திருச்சு, டீச்சர்.”

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே சொன்னார் கிங்ஸ்டன். பாளையங்கோட்டையில் பேர்போன வக்கீல். அறுபதை நெருங்கும்போது பியானோ பழக வந்தவர். டீச்சர் எப்சிபாவுக்கு அவர் வயதில் பாதிதான்.

“உள்ள வாங்க சார்.”

மகளின் கல்யாண வரவேற்பில் வாசித்திருந்தார். நோட்ஸைப் பார்க்காமல் வாசிக்கப் போவதாக ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

பாதியில் கை நின்றது.

முதலிலிருந்து தொடங்கினார். அதே இடத்தில் மறுபடியும் நின்றது.

சம்பந்தி வீட்டார் யாரோ இரக்கப்பட்டுக் கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். அந்தக் கைதட்டலில்தான் அவர் செத்துப்போனார். மகள் மேடையிலிருந்து இறங்கி வந்து, சின்னப் பிள்ளையை அழைத்துப்போவதுபோல் அவரை அழைத்துப்போனாள்.

“தூக்கத்துல எழுப்பினாலும் வாசிப்பேன் டீச்சர். இந்தக் கைதான்…”

“இப்ப வாசிங்க.”

வாசித்தார். ஒரு பிசகு இல்லை.

நடுவில் எப்சிபா கையைக் காட்டி நிறுத்தினாள்.

“இப்ப இங்கருந்து போங்க.”

விரல்கள் கட்டைகளுக்கு மேலே அப்படியே தொங்கின.

“முதல்லருந்து வந்தாத்தான் வரும், டீச்சர்.”

“சரி, முதல்லருந்தே வாங்க. இடது கை மட்டும்.”

கொஞ்சம் வந்தது. அப்புறம் வரவில்லை.

“வாசிக்க வேண்டாம். அடுத்து என்ன நோட்டுனு வாயால சொல்லுங்க, போதும்.”

அவருக்குக் காது மடல் சுட்டது. எத்தனையோ சாட்சிகளை இப்படி நிறுத்திவைத்துக் கேட்டவர் அவர்.

“தெரியல.”

எப்சிபா சிரிக்கவில்லை. பியானோவை மூடினாள்.

“மேடையில கை நின்னுச்சுன்னீங்களே, அது சும்மா நிக்கல சார். அடுத்து என்னன்னு உங்ககிட்ட கேட்டிருக்கும்.”

கிங்ஸ்டன் தன் இடது கையைப் பார்த்தார்.

பிறகு நோட்ஸை எடுத்துக்கொண்டு பியானோவை விட்டுத் தள்ளி, ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். கடைசி வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். அவள் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு மகளும் மருமகனும் வந்தார்கள். சம்பந்திகளும் கூட வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் மகள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“அப்பா… அன்னைக்கு வாசிச்சீங்களே, அதை வாசிக்கிறீங்களா?”

சம்பந்தியம்மா தரையைப் பார்த்தார்.

கிங்ஸ்டன் எழுந்துபோய்ப் பியானோ முன்னால் உட்கார்ந்தார். வெட்கம் இன்னும் விட்டபாடில்லை. தலையை நிமிர்த்தாமலே கேட்டார்:

“எங்கருந்தும்மா?”