தேக்கிலைத் தொப்பி

சயாம் காட்டில் ஒரு தாமரைக் குளம். அதன் கரையில் எருமைகள் கூட்டமாக வாழ்ந்தன.

மேற்குக் காட்டைப் புலிகள் பிடித்துக்கொண்டன. ஆற்றுக்கு அக்கரையில் இருந்த கிழக்குக் காட்டை ஓநாய்கள் பிடித்துக்கொண்டன. "சேற்றில் புரளுகிற காட்டுமிராண்டிகளைத் திருத்த வந்தோம்!" என்றுதான் இரண்டு கூட்டமும் சொல்லிக்கொண்டன.

எருமைத் தலைவன் கிளா எல்லாரையும் கூட்டிச் சொன்னது:

"நாம் நாகரிகமானவர்கள் என்று காட்டினால்தான் தப்புவோம். இனி யாரும் சேற்றில் இறங்கக் கூடாது! எல்லாரும் தேக்கிலைத் தொப்பி போடவேண்டும். தொப்பி இல்லாதவருக்கு இந்தக் கரையில் இடமில்லை. இதுதான் நம் இனத்தின் பெருமை!"

புவா என்ற எருமை காவலுக்கு நின்றது. சேறு படாத அதன் முதுகு வெயிலில் வெடித்தது. ஈ மொய்த்தது. உதறினால் தொப்பி விழுந்துவிடுமே என்று பொறுத்துக்கொண்டது.

ஒரு மத்தியான வேளை, மேற்குக் காட்டுப் புலி விருந்தாளியாக வந்தது. அந்த நேரம் பார்த்து, ஆற்றை நீந்திக் கடந்து, கரைச் சேறு உடம்பெல்லாம் அப்ப, கன்றோடு ஓர் எருமை வந்து நின்றது. அது அக்கரைக் காட்டில் வாழ்ந்த கம்; புவாவின் கூடப்பிறந்த அக்கா.

"அடியே புவா! ஓநாய்கள் துரத்துகின்றன. என் பிள்ளைக்கு ஒண்ட ஓர் இடம் கொடு. அதென்னடி தலையில் இலை? மழையா பெய்கிறது?"

புலி திரும்பிப் பார்த்தது. "இது உங்கள் ஆளா?"

புவாவுக்கு மானம் போவதுபோல் இருந்தது. "ஐயோ, இல்லைங்க! யாரோ அக்கரைக் காட்டுமிராண்டி!" என்றது. அக்காவைப் பார்த்துக் கொம்பை ஆட்டியது. "போ! போ!"

கம் கன்றை முன்னால் விட்டுக்கொண்டு வந்த வழியே திரும்பியது.

புலிக்குப் புழுக்கம் தாங்கவில்லை. யாரும் இறங்காத சேற்றைப் பார்த்தது. தொபுக்கென்று குதித்துப் புரண்டது!

"ஆகா, என்ன சுகம்! இதை வைத்துக்கொண்டா வெயிலில் காய்கிறீர்கள்? அதுசரி, தலையில் என்ன சருகு?"

கிளா பல்லை இளித்தது. புவாவின் காதில், "பார்த்தாயா, நம் கரையை மட்டும் யாரும் பிடித்துக்கொள்ளவில்லை!" என்று பெருமையடித்தது.

புவா ஆற்றங்கரைக்கு ஓடியது. "அக்கா! அக்கா!"

ஈர மண்ணில் பெரிய குளம்படியும் சின்னக் குளம்படியும் தண்ணீருக்குள் இறங்கியிருந்தன. அக்கரையில் ஓநாய்கள் ஊளையிட்டன. தண்ணீரில் தொப்பி போட்ட ஒரு முகம் தெரிந்தது. அதைப் பார்க்க முடியாமல் புவா தலையைத் திருப்பிக்கொண்டது.

அந்நியன் கண்ணுக்குப் பயந்து கூடப்பிறந்தவரையே யாரோ என்று சொல்பவரை, வேறொருவர் வந்து அடிமையாக்க வேண்டியதில்லை.