சாமி இல்லை என்று சொன்ன ஆவுடைத்தங்கம்

புளி மண்டியின் பின்கட்டில் சாக்கை விரித்து உட்கார்ந்து, புளியைத் தட்டிக் கொட்டை எடுப்பது ஆவுடைத்தங்கம் அம்மையாரின் வேலை. அடுப்படி வேலையோ கிணற்றடி வேலையோ அவருக்கு யாரும் தரமாட்டார்கள். சிறு வயதிலிருந்தே அவருக்குக் காக்கா வலிப்பு உண்டு. கட்டியவர் தலையாடிக்கு, கல்யாணம் கழிந்த முதல் ஆடிக்கு, தாய்வீட்டில் கொண்டுவந்து விட்டார். திரும்ப அழைக்க வரவில்லை.

பொழுது சாய்ந்ததும் கூலியோடு ஒரு பிடி புளியும் கேட்டு வாங்கிக்கொண்டு முத்தாரம்மன் கோயிலுக்குப் போவார். விளக்குகளைத் துலக்கி வைப்பார். வலிப்புக்குத் தின்னும் மாத்திரையின் மயக்கத்தில் சில நாள் விளக்கின் மேலேயே தலை சாய்ந்துவிடும். விழித்ததும், விட்ட இடத்திலிருந்து துலக்குவார். நோய் தீர வேண்டும் என்று அவர் அம்மனிடம் கேட்டதில்லை. கேட்கவும் தெம்பு வேண்டுமல்லவா?

ஒரு செவ்வாய்க்கிழமை தீபாராதனைக்கு மேளம் முழங்கியபோது, சந்நிதியிலேயே வலிப்பு வந்து விழுந்தார். கை கால் வெட்டி இழுத்தது. நாக்கைக் கடித்து வாயில் இரத்தம் வழிந்தது. யாரோ ஒருத்தி குலவை போட்டாள்.

"ஆத்தா வந்துட்டாடியோ! இம்புட்டு நாளும் இதச் சீக்குன்னுல்லா நெனச்சிட்டோம்!"

மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்கள். அவர் கண் விழித்தபோது கழுத்தில் மாலை கிடந்தது. உடம்பெல்லாம் அடித்துப்போட்டது போல வலித்தது. இல்லை என்று சொல்ல வாய் எழவில்லை.

மறுநாளும் அவர் சொல்லவில்லை. தன்னைக் கண்டால் விலகிப் போகிறவர்கள் அருகில் வந்து உட்கார்ந்தது அவருக்கு அதுதான் முதல் முறை. பலகை போட்டு உட்காரவைத்தார்கள். "சாமி வாற உடம்புக்கு மாத்திரை எதுக்கு தாயீ?" என்றார்கள். மாத்திரையை மட்டும் அவர் மறைவாக விழுங்கி வந்தார்.

ஒரு நாள் காலையில் முப்பிடாதி என்ற பெண் தன் குழந்தையை அவர் மடியில் கிடத்தினாள். குழந்தையின் உடல் கொதித்தது. கண் மேலே செருகியிருந்தது.

"எம்பிள்ளைக்குத் துன்னூறு பூசி ஒரு வாக்கு சொல்லும்மா. டவுன் ஆஸ்பத்திரிக்குப் போவாண்டாம்னு சொல்லிரு. ஒன்ன நம்பித்தான் வந்திருக்கேன்."

அம்மையார் குழந்தையை எடுத்து அவள் கையிலேயே கொடுத்தார்.

"இது சாமி இல்ல முப்பிடாதி. எனக்கு வலிப்புச் சீக்கு. நான் மாத்திர திங்கிறவ. ஒரு வாக்கும் எனக்குத் தெரியாது. பிள்ளையத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு!"

அவள் ஓடினாள். குழந்தை பிழைத்தது. ஆனால் ஊர் கொதித்துவிட்டது. அம்மன் அருள் வந்து ஆடுகிற கோமரத்தாடி சிவனணைந்தபெருமாள்தான் எல்லோரையும்விடச் சத்தம் போட்டார்.

"எங்கள எல்லாம் ஒங்கால்ல விழ வச்சிட்டியே! கேனப்பயலுவன்னு நெனச்சியோ?"

"மொதல்லயே சொல்லியிருக்கணும். தப்புத்தான்" என்றார் அம்மையார்.

"அப்பம் இனி கோயில் வாசல மிதிக்காத. வெளக்கத் தொடாத."

அவர் எழுந்து போனார். அன்று முதல் வேலை முடிந்ததும் தெருமுனையில் நின்று கோபுரம் இருக்கும் பக்கம் கும்பிடுவார். "என்ன ஆத்தா, இன்னைக்கு வாக்கு உண்டுமா?" என்று போகிறவர்கள் சிரிப்பார்கள். அவர் கும்பிட்ட கையை இறக்கமாட்டார். கால் கடுத்ததும் வீட்டுக்குப் போவார்.

கோயில் கொடைத் திருவிழா வந்தது. மதியக் கொடைக்கு மேளம் உச்சத்தில் இருந்தது. கோமரத்தாடிக்கு அருள் இறங்கிற்று. சந்நிதியில் ஆடவேண்டியவர், கூட்டத்தைப் பிளந்துகொண்டு தெருவில் இறங்கினார். ஊரே பின்னால் ஓடியது.

தெருமுனையில், சுடுகிற புழுதியில், அம்மையார் வலிப்பு கண்டு கிடந்தார். அருகில் ஒருவரும் இல்லை.

கோமரத்தாடி தரையில் உட்கார்ந்தார். அம்மையாரை மெல்ல ஒருக்களித்துப் படுக்கவைத்தார். அம்மனுக்குச் சாத்தி எடுத்துத் தன் இடுப்பில் கட்டியிருந்த பட்டுத்துணியை அவிழ்த்து, தலைக்கு அணையாக வைத்தார். அதன் நுனியால் வாய் நுரையைத் துடைத்தார். மேளம் தானாக நின்றது.

"சாமி இல்லன்னு இவ சொன்னாளே, அதச் சொன்னது யாருன்னு நெனச்சீங்க? நாந்தாம்ல சொன்னேன்! என் சொல்லக் கேட்டதுக்கா என்னத் தொரத்துனீங்க?"

சிவனணைந்தபெருமாளின் குரலாக அது இல்லை; ஆத்தாளின் குரலாகவே ஊருக்குக் கேட்டது. முப்பிடாதிதான் முதலில் விழுந்து கும்பிட்டாள். பிறகு ஊரே விழுந்தது.

வெகுநேரம் கழித்து அம்மையார் கண் திறந்தார். தலைமாட்டில் பட்டு. சுற்றிலும் அழுகிற முகங்கள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"கொடை முடிஞ்சிட்டா? ஆத்தா வந்தாளா?" என்று கேட்டார்.

ஊர் முழுவதும் கண்ட காட்சியை அவர் ஒருவர்தான் காணவில்லை. சொன்னபோது நம்பவும் இல்லை. "எனக்குச் சீக்குய்யா" என்று களைப்போடு சொன்னார். கைத்தாங்கலாகக் கோயிலுக்குள் அழைத்துப் போனார்கள்.

நோய் கடைசிவரை அவரை விடவில்லை. பொய்க் கும்பிடு வேண்டாம் என்று உண்மையைச் சொல்லிவிட்ட அந்த எளிய அம்மையாரை, நாம் மெய்யாகவே கும்பிடலாம்.