கூண்டுக்குக் கோழி சொன்ன சாட்சி

ராசிபுரம் பக்கம் முட்டைப் பண்ணை முதலாளி பொன்னுரங்கம் வாசலில் ‘கோழிகளின் சொர்க்கம்’ என்று பலகை மாட்டியிருந்தார். உள்ளே கூண்டுக்கு ஐந்து கோழி. றெக்கை விரிக்க இடமில்லை. அங்கே முட்டை பொறுக்கும் அத்தாயி, கூண்டை எடுக்கச் சொல்லி ஊரெல்லாம் கையெழுத்து வாங்கி வந்து நின்றாள்.

“கஷ்டம்னு கோழியே சொல்லட்டும், எல்லாக் கூண்டையும் எடுத்துடறேன்!” என்று ஊரார் முன்னால் சிரித்தார் முதலாளி.

“சரிங்க. ஒரு கூண்டை மட்டும் திறந்து விடுங்க. பொழுது சாய்ஞ்சா, கோழி பிடிச்ச இடத்துலதான் அடையும். சொர்க்கம்னா திரும்பி வந்துடுமில்லீங்களா?”

திறந்தார். பொழுது சாய்ந்தது. கூண்டுப் பக்கம் ஒன்றுகூடத் தலைவைத்துப் படுக்கவில்லை. ஐந்தும் வாசலில் கதவு திறந்து நின்ற முதலாளியின் காருக்குள் ஏறி, பின்சீட்டில் அடைந்துகொண்டன.

“சூ! சூ!” என்று விரட்டினார்.

“விடுங்க முதலாளி, அதுங்க சொல்லிடுச்சு. நீங்க வேணா சொர்க்கத்துல படுத்துக்குங்க” என்றாள் அத்தாயி.