பிசின் ஏறிய கரி

"அம்மா, கத்திக் கத்தித் தொண்டை போச்சு. ஒருத்தரும் பிரிஞ்சு போக மாட்டேங்கிறாங்க."

நனைந்த கோழியாகக் குடிலுக்குள் வந்து விழுந்தான் சீடன் காசிலிங்கம்.

விடாத அடைமழை. ஏரி விளிம்பு தட்டி நின்றது. கரை நெடுக ஆள் நின்று, கசிகிற இடத்தில் மண் அடைத்தால்தான் ஊர் பிழைக்கும். ஊரோ மதகடியில், பருந்தைக் கண்ட குஞ்சுகள் மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது.

குரு அறம்வளர்த்தாள் அவனைவிட வயதில் சின்னவர். எழுதும் மை கூட்டிக்கொண்டிருந்தார்.

"விரட்டிப் பார்த்தியா?"

"விரட்டினா போறாங்க. நான் வாயை மூடினதும் திரும்ப ஒண்ணாக் கூடிடுறாங்க. செத்தா ஊரோட சாவோம்ங்கிறாங்க."

குரு ஒரு சிட்டிகை விளக்குக்கரியைத் தண்ணீரில் போட்டார்.

"கலக்கு."

கலக்கினான். தண்ணீர் கறுத்தது. கையை எடுத்தான். கரி திட்டுத் திட்டாகக் கூடிக்கொண்டது.

"ஏரி உடையப்போகுது. இப்போ மையா முக்கியம்?"

குருவுக்குக் காது கேட்கவில்லை போலும். இன்னொரு சிட்டிகைக் கரியை, ஊறவைத்த வேலம்பிசினோடு கல்லில் வைத்து நிதானமாக அரைத்தார். தண்ணீரில் கரைத்தார். கறுப்பு எங்கும் பரவியது. கையை எடுத்தார். பரவியது பரவியபடியே நின்றது.

"தெரியும். பொடிக்குப் பொடி பிசின் ஏறிட்டா ஒண்ணோடொண்ணு ஒட்டாது," என்றான். "பயந்தவனுக்கு எந்தப் பிசினைப் பூசுறது?"

"உனக்குப் பயமில்லையா?"

காசிலிங்கம் தன் பெரிய மீசையைத் துடைத்துக்கொண்டான்.

"இல்லாம என்ன? முழங்காலைப் பாருங்க, எப்படி ஆடுதுன்னு."

"வழியெல்லாம் ஆடிச்சா?"

"வழியெல்லாம்தான். பனைமரத்துக்கிட்ட கரை கசிஞ்சுது. மண்ணை அள்ளிப்போட்டு மிதிச்சு அடைச்சேன். அப்போ மட்டும்..."

"அப்போ மட்டும்?"

"ஆடலை," என்று தன் முழங்காலையே பார்த்தான். பிறகு சொல்லிக்கொள்ளாமல் ஓடினான்.

மதகடியில் முதலில் அகப்பட்டவள் செல்லக்கிளி. ஊர்க் கூட்டத்திலேயே அதிகமாக அழுதுகொண்டிருந்தவள். அவள் கையில் மண்கூடையைத் திணித்தான்.

"தங்கச்சி, இந்தக் கல்லுலேர்ந்து அந்தப் புளியமரம் வரைக்கும் உன் கரை. வேற யாரும் பார்த்துக்க மாட்டாங்க. நானும் பார்த்துக்க மாட்டேன்."

அவள் கூடையைப் பார்த்தாள். புளியமரத்தைப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு நடந்தாள். பாதி தூரத்தில் குனிந்து, ஒரு கை மண்ணை எடுத்து அப்பினாள்.

கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"எனக்கு எது?"