மூணு ஊருக்கும் ஒரே வேல்

கொக்கூர் சடையப்பனுக்குச் சொத்து என்று இருந்தது ஒரே ஓர் எருமை. பெயர் செல்லாயி. அந்த எருமையை நினைத்துத்தான் ஒரு வாரமாக மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. பனைமலை மொட்டையன் என்று ஒரு மாட்டுத் திருடன். இத்தனை வருஷமாகக் கொக்கூர், நண்டலூர், புளியங்காடு மூன்று ஊருக்கும் அக்கரை ஜமீன் ஆட்கள்தான் காவல். திடீரென்று ஜமீன்தார் சொல்லி அனுப்பிவிட்டார்:

"எனக்கு இங்கேயே வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. இனி நீங்கள் மூணு ஊரும் சேர்ந்து ஒரே படையாக வைத்துக்கொள்ளுங்கள். எதைச் செய்தாலும் ஒன்றாகச் செய்யுங்கள்."

நம்ம ஆட்கள் சொன்ன சொல் தட்டாதவர்கள். மறுநாளே ஊருக்கு ஒருவராக மூன்று பேர் ஆற்று மணலில் கூடினார்கள்.

"படைன்னா வேல் வேணுமே," என்றார் நண்டலூர் பூவலிங்கம்.

"ஊருக்கு ஒண்ணு செஞ்சுக்குவோமா?" என்று கேட்டார் சடையப்பன்.

"அப்புறம் அது மூணு படைல்லா ஓய்," என்று கண்டித்தார் புளியங்காட்டுத் தொப்பளான். சடையப்பனுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஆக, ஒரே வேல். கம்பு கொக்கூருடையது, முனை நண்டலூருடையது, இரண்டையும் சேர்த்துக் கட்டும் கயிறு புளியங்காட்டுடையது. கூட்டம் முடிந்ததும் அவிழ்த்து, அவரவர் பங்கை அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். முழு வேலும் ஒரே ஊரில் இருந்தால் மற்ற ரெண்டு ஊரும் எப்படித் தூங்கும்?

பயிற்சியும் நடந்தது. மூவரும் வேலைப் பிடித்துக்கொண்டு வரப்பில் ஒன்றாக நடந்தார்கள். வரப்பு ஓர் ஆளுக்குத்தான் காணும். ஓரத்தில் வந்த இருவரும் சேற்றில் விழுந்தார்கள். நடுவில் நின்ற சடையப்பன் ஒரு கணம் யோசித்துவிட்டுத் தானும் குதித்தார்.

தளபதி யார் என்பதில்தான் வண்டி நின்றுபோனது.

"கொக்கூரான் சொன்னா நண்டலூரான் கேப்பானா?" என்றார் பூவலிங்கம்.

"நண்டலூரான் சொன்னா நானே கேக்க மாட்டேன்," என்றார் தொப்பளான்.

ஒன்பது நாள் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். தளபதி மூன்று ஊரையும் சேராத ஆளாக இருக்க வேண்டும். அப்படி ஓர் ஆளுக்கு எங்கே போவது என்று தெரியவில்லை.

பத்தாம் நாள் பட்டப்பகலில் மொட்டையன் வந்தான். நேரே தொழுவத்துக்குப் போய்ச் செல்லாயியை அவிழ்த்தான். சடையப்பன் எதிரே வந்து நின்றார். ஆனால் தனியாக எப்படித் தடுப்பது? ஒன்றாகச் செய்யச் சொல்லியிருக்கிறதே.

"அண்ணாச்சி, செத்த நேரம் உக்காருங்க. படையைக் கூட்டிட்டு வந்துடறேன்," என்று ஒரு செம்பு மோரையும் கொடுத்துவிட்டு ஓடினார்.

மொட்டையன் எத்தனையோ ஊரில் திருடியிருக்கிறான். இப்படி ஒரு மரியாதையைக் கண்டதில்லை. என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று உட்கார்ந்துவிட்டான்.

முனை வந்தது, கயிறும் வந்தது. கட்டும்போது கம்பு ஆடியது. மொட்டையனே எழுந்து வந்து பிடித்துக்கொண்டான். வேல் தயார். மூவரும் அதை அவன் நெஞ்சுக்கு நேராக நீட்டினார்கள். நீட்டியபடியே நின்றார்கள்.

"குத்துன்னு யார் சொல்றது?" என்றார் பூவலிங்கம்.

தொப்பளான் மொட்டையனை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"எனக்கு ஏதுய்யா ஊரு? மலையிலே ஒரு குடிசை, அவ்வளவுதான்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சடையப்பனுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. தன் தலைப்பாகையை அவிழ்த்து அந்த மொட்டைத் தலையில் தானே கட்டிவிட்டார்.

புதுத் தளபதி தொண்டையைச் செருமினார். "படையெல்லாம் கிளம்பு. இந்த எருமையை மலைக்கு ஓட்டுங்க. வழியிலே திருடன் எவனும் அண்டக் கூடாது."

பொழுது சாயும் நேரம் சடையப்பன் வெறுங்கையோடு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீடு திரும்பினார். அவர் பெண்டாட்டி ஒச்சாயி காலித் தொழுவத்தைப் பார்த்தபடி நின்றாள்.

"எருமை எங்கே?"

"இனிமே நமக்குக் கவலையே இல்லை, ஒச்சாயி. நேரே தளபதி வீட்டிலேயே கட்டிட்டு வந்துட்டோம். அந்த மொட்டையன் தலைகீழா நின்னாலும் இனி செல்லாயியைத் திருட முடியாது."