ஹுவா குடிக்காத கஷாயம்

ஃபாங் போ மாணவராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. அவருடைய குரு ரூ யின் அவரைவிடப் பதினாறு வயது இளையவர்.

மலைமேல் இருந்த ரூ யின்னின் வைத்தியசாலைக்குப் புதிதாக வருகிறவர்கள் ஃபாங்கின் நரைத்த தாடியைப் பார்த்துவிட்டு அவரைத்தான் முதலில் வணங்குவார்கள். ஃபாங் கூச்சத்தோடு உள்ளே கைகாட்டுவார். ரூ யின் சிரித்துக்கொள்வார்.

ஃபாங் மருந்து அறியாதவர் அல்ல. இருபது வருடம் படைமுகாமில் மருந்துக் கிடங்கைப் பார்த்துக்கொண்டவர். எந்த வேரானாலும் முகர்ந்தே பெயர் சொல்லிவிடுவார். அவர் மலையேறி வந்தது ஒரே ஒரு விதைக்காக.

காட்டு இலந்தையின் கொட்டையை உடைத்தால் உள்ளே செம்பழுப்பு நிறத்தில் சிறு விதை இருக்கும். அதை வறுத்து, இடித்து, கொதிக்கவைத்துக் கொடுத்தால் கலங்கிய மனம் அடங்கும், தூக்கம் வரும். இது எல்லா வைத்தியருக்கும் தெரிந்ததுதான். ஆனால் ரூ யின் கையால் குடித்தவர்கள் தூங்கியதைப்போல வேறெங்கும் குடித்தவர்கள் தூங்கவில்லை என்று ஆற்றோர ஊர்கள் அத்தனையும் சொல்லின.

"அதன் சூட்சுமம் என்ன குருவே?" என்று முதல் வருடம் ஃபாங் கேட்டார்.

"கருகாமல் வறுக்க வேண்டும்" என்றார் ரூ யின்.

இரண்டாம் வருடமும் கேட்டார். அதே பதில்தான். மூன்றாம் வருடம் கேட்பதை விட்டுவிட்டு வறுக்க மட்டும் செய்தார்.

அந்த இலையுதிர் காலத்தில், மலையடிவாரத்து ஆற்றங்கரை ஊரான கீழ்த்துறையிலிருந்து ஒருவர் தன் அண்ணியைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். அவள் பெயர் ஹுவா. கணவனை இழந்தவள். ஒரே மகன் அ-ஷெங் மரத்தெப்பத்தோடு போனவன். வெள்ளத்தில் தெப்பம் உடைந்தது. மூன்று உடல்கள் கரை ஒதுங்கின. அவனுடையது கிடைக்கவில்லை.

"நாற்பது நாள் ஆகிறது" என்றார் கொழுந்தன். "படுக்கவே மாட்டேன் என்கிறார். உட்கார்ந்தபடியே கோழித்தூக்கம் போடுவார். இலை விழுந்தாலும் திடுக்கிட்டு எழுந்துவிடுவார். போன வாரம் அடுப்பின் மேலேயே சாய்ந்துவிட்டார். இப்படியே போனால் இன்னொரு பிணம்தான் விழும்."

ஹுவாவின் வலது முழங்கை வரை தீப்புண். ரூ யின் அதற்குக் களிம்பு தடவினார். பிறகு ஃபாங்கிடம் திரும்பினார்.

"மருந்தை நீங்கள் கொடுங்கள்."

மூன்று வருடத்தில் முதல்முறை. ஃபாங் விதைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். இளந்தீயில் வறுத்தார். ஒரு விதைகூடக் கருகவில்லை. ஐந்து பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

நான்காம் நாள் தானே கீழ்த்துறைக்குப் போனார். ஹுவா வாசலில் உட்கார்ந்திருந்தாள். கண்கள் இரண்டு குழிகளாக இருந்தன. ஐந்து பொட்டலங்களும் அலமாரியில் கட்டுப் பிரிக்காமல் கிடந்தன.

ஃபாங்குக்குக் கோபம் வந்தது. "ஏன் குடிக்கவில்லை?"

"குடித்தால் தூங்கிவிடுவேன்."

"அதற்குத்தானே அம்மா மருந்து!"

"நான் தூங்கிவிட்டால் அவனுக்குக் கதவை யார் திறப்பது?"

"உங்கள் கொழுந்தன் இல்லையா?"

"அவர் இறந்தவர்களுக்கு வைக்கும் பெயர்ப்பலகையை அவனுக்கு வைத்து ஊதுபத்தி ஏற்றிவிட்டார்" என்றாள் ஹுவா. "செத்தவனுக்கு எழுந்து வந்து கதவு திறப்பாரா?"

ஃபாங் பொட்டலங்களை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பினார். மலையேறித் திரும்பும்போது ஒரு யோசனை வந்தது. அதைக் குருவிடம் சொன்னார்.

"கஞ்சியில் கலந்து கொடுத்துவிடலாம். கசப்பு தெரியாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். தூங்கி எழுந்தால் தானாகப் புத்தி தெளியும்."

"எழுந்ததும் அவர் என்ன கேட்பார்?" என்றார் ரூ யின்.

ஃபாங் யோசித்தார். "வந்தானா என்று கேட்பார்" என்று தலை குனிந்தார்.

மறுநாள் காலையில் இருவரும் கீழ்த்துறைக்குப் போனார்கள். ரூ யின் வெறுங்கையோடு வந்தார். ஹுவாவின் எதிரே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உங்கள் மகன் எப்படி இருப்பான்?"

ஹுவா அவரை உற்றுப் பார்த்தாள். இத்தனை நாளில் யாரும் 'இருப்பான்' என்று கேட்கவில்லை. எல்லோரும் 'இருந்தான்' என்றுதான் கேட்டார்கள்.

"உயரம். இடது காதுமடலில் ஒரு வெட்டு. சின்ன வயதில் நாய் கடித்தது."

"கதவைத் தட்டுவானா, கூப்பிடுவானா?"

"எங்கே தட்டுவான்! காலால் உதைப்பான். எத்தனை முறை திட்டியிருக்கிறேன்."

"வந்ததும் என்ன கேட்பான்?"

"சோளக்கஞ்சி. உப்பு தூக்கலாக."

"சரி" என்றார் ரூ யின். "நீங்கள் படுத்துக்கொள்ளுங்கள். நான் வாசலில் இருக்கிறேன். வந்தால் திறக்கிறேன்."

"கண் அசந்துவிட மாட்டீர்களே?"

"மாட்டேன்."

"உடனே என்னை எழுப்புவீர்களா?"

"அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் எழுப்புகிறேன்."

ஹுவா வெகுநேரம் அந்த முகத்தையே பார்த்தாள். பிறகு தானே எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். ஃபாங் வறுத்த அதே விதை. அவரே இடித்துக் கொதிக்கவைத்தார். ஹுவா ஒரே மடக்கில் குடித்தாள். சிறிது நேரத்தில் அவளுடைய மூச்சு சீரானது.

ரூ யின் கஞ்சிப் பானையை அடுப்பில் ஏற்றினார். "ஆறவிடாதீர்கள்" என்று ஃபாங்கிடம் சொல்லிவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தார்.

ஆற்றங்கரைப் பாதையில் காலடி கேட்டது. ரூ யின் எழுந்து பாதை வரை போய்ப் பார்த்தார். உப்பு விற்கிறவர். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

மறுபடி காலடி. மறுபடி எழுந்து போனார். வலை சுமந்த இருவர்.

உச்சி வெயிலில் ஓலைத்தொப்பி போட்ட உயரமான வாலிபன் ஒருவன் வந்தான். ரூ யின் அவனை நிறுத்தி, "தம்பி, கொஞ்சம் தொப்பியை எடுக்கிறாயா?" என்றார். அவன் விழித்தபடி எடுத்தான். இடது காது முழுசாக இருந்தது.

ஃபாங் அடுப்பருகில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். உள்ளே ஹுவா அடித்துப்போட்டதுபோலத் தூங்கினாள். இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டாள். வெளியே குரு ஒவ்வொரு காலடிக்கும் எழுந்து போய் வந்தார். கஞ்சி வற்றும்போதெல்லாம் ஃபாங் தண்ணீர் ஊற்றினார்.

பொழுது சாயும் நேரத்தில் ஹுவா கண் விழித்தாள்.

"வந்தானா?"

"வரவில்லை" என்றார் ரூ யின். "ஏழு பேர் போனார்கள். ஏழு பேரையும் பார்த்தேன். அவன் இல்லை."

ஹுவா தலையசைத்தாள். அவள் அழுததை ஃபாங் அன்றுதான் பார்த்தார். அழுது முடித்ததும் அடுப்பைப் பார்த்தாள். கஞ்சியில் ஒரு கிண்ணம் ஊற்றிக் குடித்தாள். இன்னொரு கிண்ணத்தை ரூ யின்னிடம் நீட்டினாள்.

"நாளைக்கும் வருவீர்களா?"

"வருவேன்."

பதினோரு நாள் போனார்கள். பன்னிரண்டாம் நாள் ஹுவாவே வாசலில் அவர்களை நிறுத்தினாள். முகத்தில் நிறம் திரும்பியிருந்தது. புண் ஆறி வந்தது.

"கதவைத் தாழ்போடாமல் சாத்தி வைக்கிறேன்" என்றாள். "அவன் உதைத்தால் தானே திறந்துகொள்ளும். மருந்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போங்கள்."

அ-ஷெங் வரவில்லை. அந்த வருடமும் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. ஹுவா உறங்கினாள், எழுந்தாள், குளிர்காலத்துக்கு விறகு பிளந்தாள்.

அந்தப் பன்னிரண்டாம் நாள் மருந்தைக் கொடுத்துவிட்டு இருவரும் திரும்பினார்கள். பாதி மலை ஏறியதும் ஃபாங் நின்றார்.

"குருவே, ஒன்று கேட்கலாமா?"

"கேளுங்கள்."

"அவன் வரமாட்டான் என்று உங்களுக்குத் தெரியும்."

ரூ யின் தலையசைத்தார்.

"கஷாயம் குடித்ததும் அந்த அம்மா தூங்கிவிட்டார். நீங்கள் சும்மா உட்கார்ந்திருந்தாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை. அப்படியிருக்க, ஒவ்வொரு காலடிக்கும் ஏன் எழுந்து போனீர்கள்?"

ரூ யின் திரும்பி அவரைப் பார்த்தார்.

"அவர்தான் தூங்கிக்கொண்டிருந்தாரே, ஃபாங். பிறகு யார் எழுந்து போவது?"