சூடு தெரியாத கை

மருதையனுக்கு அறுபது தாண்டிவிட்டது. அவருக்குக் குருவாக வாய்த்த ஜெபசீலி டீச்சருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. இதில் அவர்கள் இருவருக்கும் ஒரு கூச்சமும் இல்லை, கிளப்பில் மற்றவர்களுக்குத்தான் இருந்தது. "மகள் வயசுப் பொண்ணு முன்னாடி கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறாரே மனுஷன்" என்று கேன்டீனில் பேசிக்கொள்வார்கள். பேசட்டும், அவர்கள் டீதான் ஆறிப்போகும்.

குன்னூருக்கு மேலே, ஒரு தேயிலைச் சரிவை ஒட்டி இருக்கிறது அந்த ரைபிள் கிளப். அங்கே சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை யாரும் தூக்கி எறிவதில்லை. கழுவி, அச்சில் நெருக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, மறுபடியும் தோட்டா ஆக்குவார்கள். சுடச் சுட, நெருக்க நெருக்க, கூட்டின் கழுத்து விறைத்துக்கொண்டே போகும். விறைத்த கழுத்து குண்டை ஒரே மாதிரி பிடிக்காது, குறி சிதறும். அப்படியே விட்டால் ஒருநாள் விரிசலும் விடும். அதனால் நடுநடுவே கழுத்துக்கு மட்டும் நெருப்புக் காட்டி இளக்க வேண்டும். அந்த வேலைதான் ஜெபசீலி டீச்சருடையது. எங்கெங்கோ இருந்து அவருக்குக் கூடு நிறைந்த பெட்டி வரும்.

ஒரு மழை நாளில் மருதையன் குடையும் துணிப்பையுமாக வந்து வாசலில் நின்றார்.

"என்ன வேணும் ஐயா?"

"தொழில் கத்துக்கணும்."

"துப்பாக்கி சுடுவீங்களா?"

"தொட்டதுகூட இல்லை."

"அப்புறம் எதுக்கு இது?"

"ரயில்வே பட்டறையில உலை வேலை பார்த்தவன் நான். ரிட்டையர் ஆயிட்டேன். சும்மா உட்கார முடியலை."

டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். சொன்னது பொய்யில்லை. ஆனால் முழுசாகவும் சொல்லவில்லை என்று பட்டது. "சரி, உள்ளே வாங்க, நனையாதீங்க" என்றார்.

அறையின் திரையை இழுத்துவிட்டு ஸ்பிரிட் விளக்கை ஏற்றினார்.

"அடியை ரெண்டு விரலால பிடிக்கணும். இடுக்கி வேண்டாம், கையுறை வேண்டாம். கழுத்து நெருப்புல இருக்கணும், உருட்டிக்கிட்டே இருக்கணும். சூடு கீழே இறங்கி விரலைச் சுட்டதும் தண்ணியில போட்டுடணும்."

"விரலைச் சுடுற வரைக்குமா?"

"ஆமா. வேற கணக்குக் கிடையாது."

"கழுத்து இளகுது சரி. அடியும் சேர்ந்து இளகினா என்ன?"

"அடி இளகின கூடு, சுடும்போது பின்பக்கமாப் பிளக்கும். சுடுறவங்க கண்ணு அங்கேதான் இருக்கும்."

மருதையன் ஒன்றை வாங்கி உருட்டினார். தண்ணீரில் போட்டார். சுர்ரென்றது. எடுத்துத் துடைத்து நீட்டினார்.

"இனிமே கல்லு மாதிரி நிக்கும் டீச்சர்."

டீச்சர் குறடால் அதன் கழுத்தை லேசாக நெருக்கினார். ஈர மண் மாதிரி நசுங்கியது.

"அடடா! தண்ணியில தோய்ச்சா இறுகணுமே?"

"இரும்பு இறுகும். பித்தளை இறுகாது."

"காலம் பூரா நான் இப்படித்தானே தோய்ச்சேன்?"

"காலம் பூரா உங்க கைக்கு வந்தது இரும்பு, ஐயா."

மருதையன் அந்த நசுங்கிய கூட்டையே பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் ஒரு தட்டு நிறையக் கூடுகளைக் கொடுத்தார். மருதையன் பொழுதெல்லாம் உட்கார்ந்து முடித்தார். டீச்சர் வந்து ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்த்தார். பார்த்துவிட்டுத் தட்டோடு குப்பை டின்னில் கவிழ்த்தார்.

"ஐயோ, ஏன் டீச்சர்?"

"சூடு பட்ட இடத்துல நிறம் மாறி ஒரு கோடு விழும். அது கழுத்துக்குக் கீழே சரியுதே, அந்தத் தோளோட நிக்கணும். உங்களது பாதி உடம்பைத் தாண்டிடுச்சு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா அடிக்கே போயிருக்கும்."

"விரல் சுட்டதும் போட்டேனே."

"சுட்டுச்சா?"

மருதையன் யோசித்தார். பாவம், பொய் சொல்ல வரவில்லை.

"இல்லை. சுடவே இல்லை. இவ்வளவு நேரம் போதும்னு நானாப் போட்டேன்."

"கையைக் காட்டுங்க."

காட்டினார். விரல் நுனியெல்லாம் காய்த்துப்போய் மாட்டுக் குளம்பு மாதிரி இருந்தது. டீச்சர் அப்போதுதான் நெருப்பில் காட்டிய ஒரு கூட்டை எடுத்து அவர் விரலில் வைத்தார்.

"தெரியுதா?"

"எது?"

"சரிதான். உங்க விரலுக்குக் காது கேக்கலை, ஐயா."

மருதையனுக்குச் சுருக்கென்றது. "டீச்சர், இந்தக் கையால கொதிக்கிற சோத்துப் பானையைத் துணி பிடிக்காம இறக்குவேன். பட்டறையே வாயைப் பிளந்து பார்க்கும்."

"வீட்டுல யார் பார்த்தாங்க?"

"என் பொண்ணு பார்த்தா." குரல் இறங்கியது. "சின்னப் பிள்ளையில, என்னைப் பார்த்துட்டுக் காபி டம்ளரை அதே மாதிரி தூக்கினா. சுட்டுடுச்சு. அழுதா."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"இதெல்லாம் ஒரு சூடான்னு கேட்டேன்."

டீச்சர் உள்ளே போய் ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெயும், கால் தேய்க்கிற கல் ஒன்றும் கொண்டுவந்து வைத்தார்.

"காலையிலயும் சாயந்திரமும் வெந்நீர்ல கையை ஊறவச்சுத் தேய்ங்க. எண்ணெய் போடுங்க. அதுவரைக்கும் விளக்குப் பக்கம் வரவேண்டாம்."

"எத்தனை நாளைக்கு?"

"சுடுற வரைக்கும்."

அறுபது வயசு ஆள், ராணி மாதிரி கைக்கு எண்ணெய் பூசிக்கொண்டு உட்கார்ந்தால் சும்மா விடுவார்களா? "என்ன பெரியவரே, நலங்கா? மாப்பிள்ளை நீங்களா?" என்று கேன்டீன்காரர் கிண்டினார். "ஆமாய்யா, நாள் குறிச்சாச்சு, மொய்யோட வா" என்றார் மருதையன். அவர் பாட்டுக்குத் தேய்த்தார். மற்ற நேரத்தில் கூடுகளைக் கழுவினார், துடைத்தார், விரிசல் பார்த்து ஒதுக்கினார்.

ஒரு மத்தியானம் வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. "டீச்சர்!" என்று ஒரு பெண் குரல்.

மருதையன் கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டுப் பலகைத் தடுப்புக்குப் பின்னால் பாய்ந்தார். அந்த வயதில் அப்படி ஒரு பாய்ச்சல் யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள்.

"வா வான்மதி. தோள் எப்படி இருக்கு?"

"மழைன்னா வலிக்குது டீச்சர். மத்தபடி தேவலை. தை மாசம் மாநிலப் போட்டி இருக்கு. இந்தப் பெட்டிதான். கழுத்தெல்லாம் விறைச்சுப்போச்சு, குறி சிதறுது."

"வச்சுட்டுப் போ. போட்டிக்கு முந்தி வந்து வாங்கிக்க."

ஸ்கூட்டர் போன சத்தம் அடங்கிய பிறகு டீச்சர் தடுப்புக்குப் பின்னால் வந்தார். மருதையன் சுவரைப் பார்த்து நின்று அழுதுகொண்டிருந்தார்.

"உங்க பொண்ணா ஐயா?"

தலையை ஆட்டினார். பிறகு கொட்டித் தீர்த்துவிட்டார்.

"முன்ன ஒரு போட்டிக்கு முந்தின நாள் தோள் வலிக்குதுப்பான்னு சொன்னா. இதெல்லாம் ஒரு வலியான்னு சொல்லிக் கூட்டிக்கிட்டுப் போனேன். சுடும்போதே தசை கிழிஞ்சுபோச்சு. ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்பவும் விட்டேனா? இன்னும் கொஞ்சம் தாங்கியிருக்கலாம்னு சொன்னேன் டீச்சர். இந்த வாயால சொன்னேன். அன்னைக்கு மூஞ்சியைத் திருப்பினவதான்."

"பேசறதே இல்லையா?"

"அவங்கம்மாகிட்ட போன்ல பேசுவா. பக்கத்துல நான் இருமினாக்கூட வச்சிடுவா. அதனால இருமாம உட்கார்ந்திருப்பேன். அவ சிரிக்கிறது லேசாக் கேக்கும். போன மாசம் சொல்லியிருக்கா, அவ கூடெல்லாம் இங்கேதான் வருதுன்னு. அதையாவது தொடலாம்னு வந்துட்டேன்."

"தொட்டாப் போதுமா?"

"போதாது" என்றார் மருதையன். "ஒருதடவை அப்பான்னு கூப்பிடணும்."

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. டீச்சர் ஜன்னலைச் சாத்தினார்.

"இந்தப் பெட்டியை நான் செய்யட்டுமா டீச்சர்?"

"கை சுடுதா?"

"இன்னும் இல்லை."

"அப்போ இல்லை."

பெட்டி மேல் அலமாரிக்குப் போனது. மருதையனின் கண்ணும் அங்கேயே போனது. டீச்சர் சாப்பிடப் போகும் நேரத்தில் மருதையன் அதை இறக்குவார். ஒரு கூட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொள்வார். வெடிமருந்து வாசனை அடிக்கும். அடியில் வான்மதி பச்சை மையால் ஒரு புள்ளி வைத்திருப்பாள். பள்ளிக்கூடத்தில் பென்சிலுக்கும் அப்படித்தான் வைப்பாள். கை சூட்டில் பித்தளை வெதுவெதுப்பாகும்வரை வைத்திருந்துவிட்டு, இருந்த இடத்திலேயே திருப்பி வைப்பார். விளக்கை மட்டும் தொடமாட்டார்.

மார்கழிப் பனியில் அவருக்கு இருமல் பிடித்தது. கேன்டீனுக்குப் போய் இஞ்சி டீ கேட்டார். டம்ளரைக் கையில் வாங்கினார்.

"ஆ!"

டம்ளர் கீழே உருண்டது. கேன்டீன்காரர், "பார்த்துப் பெரியவரே" என்று துணியோடு ஓடிவந்தார். மருதையன் சிவந்த விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, லாட்டரி விழுந்தவர் மாதிரி சிரித்தார்.

"டீச்சர்! சுட்டுடுச்சு டீச்சர்!" என்று கத்திக்கொண்டே மேட்டில் ஏறினார்.

கிளப்பில் எல்லோரும் மனுஷனுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்தார்கள். டீச்சர் மட்டும் எழுந்து அலமாரியிலிருந்து பெட்டியை இறக்கினார்.

"உட்காருங்க ஐயா."

உட்கார்ந்தார். பச்சைப் புள்ளியில் விரலை வைத்துப் பிடித்தார். கழுத்தை நெருப்பில் காட்டி உருட்டினார். "ஸ்ஸ்" என்றார், தண்ணீரில் போட்டார். அடுத்தது, அதற்கும் "ஸ்ஸ்". பாதிப் பெட்டி ஆவதற்குள் விரல் நுனி கன்றிவிட்டது. கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை.

"ரொம்ப எரியுதா? நாளைக்குப் பார்த்துக்கலாமே."

"வேண்டாம் டீச்சர்." அடுத்த கூட்டை எடுத்தார். "சின்னப் பொண்ணு டீச்சர் அப்போ. முழு டம்ளரைத் தூக்கினா. எவ்வளவு எரிஞ்சிருக்கும்!"

டீச்சர் குளிர்ந்த தண்ணீரை மாற்றி வைத்தார்.

பொங்கல் முடிந்து வான்மதி வந்தாள். ஸ்கூட்டர் சத்தம் கேட்டதுமே மருதையன் தடுப்புக்குப் பின்னால் போய்விட்டார். பலகை இடுக்கில் அவளுடைய கையும் ஸ்வெட்டரின் ஓரமும் மட்டும் தெரிந்தன. அவள் ஒரு கூட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்தாள்.

"டீச்சர், எல்லாத்துலயும் கோடு அப்படியே தோள்ல வந்து நிக்குது. ஒண்ணுகூடத் தப்பலை. நீங்களா பண்ணீங்க?"

"இல்லை. இங்கே ஒரு பெரியவர் இருக்கார், அவர் பண்ணது."

"அவரைப் பார்க்கணுமே. ஒரு நன்றி சொல்லிட்டுப் போறேன்."

"இரு, கூப்பிடறேன்."

டீச்சர் பின்னால் வந்தார். மருதையன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கேட்டீங்களா?"

"கேட்டேன்." குரலைத் தாழ்த்தினார். "நான்தான்னு தெரிஞ்சா பெட்டியைப் போட்டுட்டுப் போயிடுவா டீச்சர்."

"போனாலும் போவா."

"போட்டி வேற இருக்கு. வேண்டாம். இங்கேயிருந்தே குரல் கேக்குது, எனக்கு இது போதும்."

"அன்னைக்குப் போதாதுன்னீங்க."

மருதையன் என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். பனிக்காற்றுத் தொண்டையில் ஏறியது. அடக்கிப் பார்த்தார். வேட்டி முனையை வாயில் அழுத்தினார். அப்படியும் இருமல் வந்துவிட்டது.

வெளியே கூடுகளைப் பெட்டியில் அடுக்கும் சத்தம் நின்றது.

ஸ்கூட்டர் சாவி குலுங்கியது. போகப்போகிறாள் என்று மருதையன் கண்ணை மூடிக்கொண்டார். காலடிச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை.

"டீச்சர்" என்றாள் வான்மதி. குரல் வேறு மாதிரி இருந்தது. "உள்ளே யாரு?"

டீச்சர் மருதையனைப் பார்த்தார். அவர் தன்னுடைய சிவந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னைப் பார்த்ததும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா, சுடும் டீச்சர்" என்றார் மெதுவாக.

"சுடும் ஐயா. சுடுறது தெரியட்டும்னுதானே இத்தனை நாள் எண்ணெய் தேய்ச்சீங்க."